மாமன் மடியில் உட்கார வைப்பாளா?

ஹாம்பர்க்கில் நான் போகும் மருத்துவமனையில், செவிலி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் ரத்தம் எடுப்பார். இத்தனை வருடமாகியும் அது எனக்குப் பழகவில்லை. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தும் இப்படிச் சாதாரணமாகத் தொடுகிறாரே என்று ஒவ்வொரு முறையும் கூசிப்போவேன். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதால், பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டது; என்னிடமிருந்து யாருக்கும் பரவாது என்பார். அங்கே இருக்கும்வரை நம்புவேன். காஞ்சிபுரம் போக டிக்கெட் போட்டதும் அந்த நம்பிக்கை எங்கேயோ ஓடிவிடும்.

"ஊரில் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?" என்று இந்த முறை கிளம்புமுன் கேட்டார். இல்லை. தங்கை மகனுக்குக் காதுகுத்து, என் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள், சொன்னால் பிள்ளையைக் கொடுப்பாளோ மாட்டாளோ, சொல்லாமல் உட்கார்ந்தால் அது ஏமாற்று வேலை இல்லையா என்று அரைகுறை ஜெர்மனில் உளறினேன். "அவ்வளவு பயமாக இருந்தால் வேறு யார் மடியிலாவது உட்காரட்டுமே" என்றார் அன்பாக. தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேறு மடியா! அதை எந்த மொழியில் விளக்குவது? 'டாங்கே' என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

விமானம் ஏறுமுன் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். என் மாத்திரைகளை ஒரு சத்து மாத்திரை டப்பாவில் கொட்டிக்கொண்டேன். வெளிநாட்டில் இருப்பவர்களே, தயவுசெய்து இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். ஃபாரின் சத்து மாத்திரை என்றால் நம் வீடுகளில் தைலம், சாக்லேட் மாதிரி அதுவும் பொதுச்சொத்து. எனக்கு அது எப்படித்தான் மறந்ததோ!

காதுகுத்து அன்று காலை, கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். கூடத்தில் காது குத்த வந்திருந்த பத்தர் தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். புது வேட்டி கட்டிக்கொள்ள உள்ளே போனால், தங்கை கல்பனா ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் மறு கையில் என் மாத்திரையுமாக நிற்கிறாள்.

"ராவெல்லாம் புள்ள தூங்க வுடல, ஒடம்பு அடிச்சிப் போட்டாப்ல இருக்குது. உன் சத்து மாத்திரைல ஒண்ணு எடுத்துக்கினேண்ணா."

வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சொம்பு கீழே விழுந்து உருண்டது.

"இன்னாண்ணா, ஒரு மாத்திரைக்கா இப்படி?"

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "அது சத்து மாத்திரை இல்லம்மா. எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. அதுக்குப் போடறது."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "காலைல புள்ளைக்கு முத்தம் குடுத்தியே?"

"முத்தத்துல வராது. தொட்டா வராது. மாத்திரை போட்டுக்கினு இருக்கறதால என்கிட்டருந்து யாருக்குமே வராதும்மா."

தலையாட்டினாள். மாத்திரையை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் நோய் தெரிந்த புதிதில் என் தட்டையே தனியாக வைத்துக் கழுவியவன் நான். அவளை என்ன சொல்ல?

"மாமன் எங்கப்பா? நல்ல நேரம் போவுது!" என்று பத்தர் குரல் கொடுத்தார்.

மணையில் போய் உட்கார்ந்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் என் எதிரே வந்து நின்றாள். சுற்றிலும் சொந்தபந்தம், அவள் புருஷன் கையில் செல்போனோடு படம் பிடிக்கத் தயாராக நின்றார். இந்தக் கணத்தில் அவள் திரும்பிப் போனால் இனி எனக்கு இந்த ஊரில் வீடில்லை என்று நினைத்தேன்.

அவள் திரும்பிப் போகவில்லை. என்னை நெருக்கிக்கொண்டு அதே மணையில் உட்கார்ந்தாள். "அவருகிட்ட இப்போ சொல்லாத. எனக்குப் பயமா இருக்குதுண்ணா" என்றாள் என் காதோரம். பிறகு பிள்ளையை எங்கள் இருவர் மடிக்கும் குறுக்காகக் கிடத்தினாள்.

"முழுசா மாமன் மடில வைம்மா" என்றார் பத்தர்.

"இப்படியே குத்துங்க."

பிள்ளையின் மொட்டைத் தலை என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. அவன் கால்கள் இரண்டையும் அவள் தன் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். மூச்சுக்கூட விடாமல், எனக்குக் கிடைத்த பாதிப் பிள்ளையை அணைத்துக்கொண்டேன்.