வாசல் மேசை அதிகாரி வரைந்த ஐந்து பெட்டிகள்

பழைய படிவமொன்றின் பின்பக்கத்தில் நீல மையால் வரைந்த ஐந்து பெட்டிகள். மேலே ஒன்று, கீழே நான்கு. எண்பதுகளின் நடுப்பகுதியில், டென்மார்க்கின் யூலாந்து நகரம் ஒன்றில், பொலிஸ் நிலையத்தின் வாசல் மேசையில் இருந்த கடமை அதிகாரி எனக்கு வரைந்து காட்டியது அது. பின்னாளில் மொழிபெயர்ப்பாளனாகப் பல வருடங்கள் அவரோடு வேலை செய்தேன். ஆனாலும் அவரை நினைத்தால், முதன்முதலாகச் சந்தித்த அந்தக் காலைதான் மனதில் வருகிறது.

அன்று மேல்வீட்டு அக்கா என் கதவைத் தட்டினார். மன்னார்க்காரி, கணவரோடு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. "தம்பி, இவரை நேற்றுப் பின்னேரம் தொடக்கம் காணேல்லை. பொலிஸ் காரில ஏத்தினதை ஆரோ கண்டவையாம்" என்றார். அழவில்லை. கணவரின் படமும் திருமணச் சான்றிதழும் கைப்பையில் தயாராக இருந்தன. ஊரில் இராணுவம் பிடித்துப்போன கொழுந்தனைத் தேடி முகாம் முகாமாக நின்றவர் அவர். என்னைக் கூட்டிப்போனது டேனிஷுக்காக. எனக்கும் அது அரைகுறைதான்.

கடமை அதிகாரி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, அப்படி ஒரு பெயர் இல்லை என்றார். நான் தமிழில் சொன்னதும் அக்கா அப்படியே தரையில் இருந்துவிட்டார். "இதைத்தான் தம்பி அங்கையும் சொன்னவங்கள்." என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். உடனே அவர் அந்தத் தாளை எடுத்தார்.

மேல் பெட்டி தலைமை அதிகாரி; அவர் சட்டம் படித்த ஒரு சட்டத்தரணி என்றார். கீழே சீருடைப் பிரிவு, குற்றப் புலனாய்வு, வெளிநாட்டவர் பிரிவு, வழக்குத் தொடுக்கும் சட்டத்தரணிகள். நீதிபதி எங்கே என்று கேட்டேன். தாளுக்கு வெளியே மேசையைத் தட்டிக் காட்டினார். "அவர் எங்கள் ஆள் இல்லை. பிடிபட்டவரை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் அவர் முன் நிறுத்த வேண்டும். ஆள் இங்கேதான் இருப்பார். எந்தப் பெட்டியில் என்று தேட வேண்டும், அவ்வளவுதான்." மேசையைச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டு எங்களோடு நடந்தார்.

சீருடைப் பிரிவில் விஷயம் தெரிந்தது. களவு போன சைக்கிளில் ஒருவர் வந்திருக்கிறார். பொலிஸ் காரைக் கண்டதும் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பிடித்துப் புலனாய்வுக்குக் கொடுத்தாயிற்று. புலனாய்வில், பெயர் சொல்லாத ஒருவர் பூட்டிய அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். வெளிநாட்டவர் பிரிவில் விசாரித்தார்களாம். பெயர் இல்லாமல் கோப்புத் தேட முடியாது என்று பதில் வந்ததாம். இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதிகாரி அக்காவின் கையிலிருந்த படத்தை வாங்கி, முதலில் இந்த அறையிலும் பிறகு அந்த அறையிலும் காட்டினார். கோப்பு வந்தது. மனைவி வந்திருப்பதாகச் சொன்னதும் உள்ளே இருந்தவர் வாய் திறந்தாராம். குப்பைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த சைக்கிளை, யாரோ எறிந்தது என்று நினைத்து எடுத்திருக்கிறார். சட்டத்தரணி ஒருவர் கேட்டுவிட்டு, எச்சரிக்கையோடு விடச் சொன்னார்.

அக்காவின் கணவரைக் கூட்டிவந்தார்கள்; நான் அவரை அண்ணை என்பேன். முழங்கையில் சேறு காய்ந்திருந்தது.

"ஏனப்பா பேரைச் சொல்லேல்லை?" என்று அக்கா கேட்டார்.

"ஊரில பேரைச் சொன்னாப் பிறகுதானே என்ர தம்பியை ஏத்தினவங்கள்."

அக்கா அவருடைய சட்டைக் கையைத் தட்டிச் சேற்றை உதிர்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த வசனத்தை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கேட்டதும் அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இப்போது அந்தப் பொலிஸ் மாவட்டமே வேறொன்றோடு சேர்ந்துவிட்டது. இன்று அந்தப் படத்தை வரைவதானால் பெட்டிகள் வேறாக இருக்கும்.

வெளியே வந்ததும் அண்ணை அக்காவைக் கேட்டார். "ஆரைப் பிடிச்சு என்னை வெளியில எடுத்தனி?"

"ஒருத்தரையும் பிடிக்கேல்லை. கேட்டம், தேடித் தந்தவை" என்றார் அக்கா.

அவர் நம்பவில்லை. பஸ்ஸில் ஏறியதும் மனைவிக்குக் கேட்காமல் என் பக்கம் குனிந்தார். "உண்மையைச் சொல்லும். அந்த மேசையில நிண்டவர் உமக்கு முந்தியே பழக்கமோ?"

"ஓம் அண்ணை, தெரிஞ்ச ஆள்தான்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் இருக்கையில் முதுகைச் சாய்த்தார்.