பார்க்க: ஒன்பதாம் அட்டை

போன வாரம் காரைக்காலில் ஒரு படகு இன்ஜின் கடையில் உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட ஒரு பெண் வந்தார். கோட்டுச்சேரிமேட்டுக்காரர், பெயர் அமுதா. இன்ஜினோடு வந்த அட்டைகளைக் கட்டாக மேஜைமேல் வைத்தார்.

"யாருண்ணே இதை எழுதினது?"

கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல மனிதர். "கம்பெனில எழுதுறாங்கம்மா" என்றார்.

கம்பெனி என்றால்... நான்தான்.

என் பிழைப்பைப் பற்றி இங்கே சொன்னதில்லை, இல்லையா? இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். மாடி வீடு, ஒரு கம்ப்யூட்டர், நான். வேலை ஈமெயிலில் வரும், ஈமெயிலில் போகும். சில நாட்கள் பால்காரரிடம் பேசுவதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

இந்த இன்ஜினுக்குத் தடிப் புத்தகம் வேண்டாம், அட்டைகளாகப் போடுங்கள் என்றது கம்பெனி. ஓர் அட்டைக்கு ஒரே விஷயம். சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது — 'பார்க்க' என்று அந்த அட்டையின் நம்பரைப் போட்டால் போதும். என்ன சுருக்கம்! எனக்கு ரொம்பப் பெருமை.

அமுதா முந்தின நாள் நடந்ததைச் சொன்னார். அவர் கணவர் மணி புது இன்ஜினோடு கடலுக்குப் போயிருக்கிறார். டீசல் குழாயில் காற்று புகுந்து இன்ஜின் நின்றுவிட்டது. காற்றைத் திறந்துவிடும் திருகு, பழைய இன்ஜினில் இருந்த இடத்தில் இல்லை. மொபைலில் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். அட்டைகள் வீட்டில்.

"நாலாவது அட்டைய படிச்சேங்க. காத்தை வெளியேத்தணும், ஒம்பதைப் பாருன்னு இருந்துச்சு. ஒம்பதை எடுத்தா, திருகு எங்க இருக்குன்னு ரெண்டுல பாருங்குது. ரெண்டுல வெறும் படம். படத்தை எப்படிங்க போன்ல படிக்கிறது? முழிச்சிக்கிட்டு நிக்கும்போதே லைன் கட்டாயிட்டுது. அப்புறம் கெடைக்கவே இல்ல."

லைன் போனது காலையில். நாகப்பட்டினத்துப் படகு ஒன்று மணியின் படகை இழுத்து வந்து சேர்த்தது சாயங்காலம். அதுவரை அமுதா அட்டையும் கையுமாகக் கரையில் நின்றிருக்கிறார்.

"நான்தாங்க எழுதினேன்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "ஒத்த ஆளாவா எழுதுனீங்க? யார்கிட்டயாச்சும் படிச்சுக் காட்டியிருக்கக் கூடாதா சார்?"

யாரிடம்?

அமுதாவின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை நாலாம் அட்டையைத் திரும்ப எழுதினேன். எங்கேயும் பார்க்கச் சொல்லாமல், எல்லாவற்றையும் அதிலேயே. போனில் கூப்பிட்டால், மெக்கானிக் இன்னும் வரவில்லை என்றார் அமுதா. போனை மணியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நான் படிக்கிறேன், கேட்டுக்கிட்டே செய்யுங்க. டீசல் பில்டர் தலையில, உங்க வலது கைப் பக்கம், சின்னத் திருகு ஒண்ணு..."

"காத்து போயிடுச்சுங்க" என்றார் மணி. பிறகு இன்ஜின் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. நடுவே அமுதாவின் சிரிப்பு.

புது நாலாம் அட்டையை அனுப்பியதும், 'ஒரே விஷயம் இரண்டு அட்டைகளில் வருகிறது, ஒன்றை நீக்கவும்' என்று கம்பெனியிலிருந்து ஈமெயில். முடியாது என்று எழுதினேன். மூன்றாம் நாள், சரி என்றார்கள்.

அங்கே பார், இங்கே பார் என்று கைகாட்டுவது எழுதுகிறவனுக்குச் சுலபம். தனியாக மாட்டிக்கொண்டவருக்கு அந்த 'அங்கே' ரொம்பத் தூரம்.

மீதி அட்டைகளையும் மணிக்கும் அமுதாவுக்கும் போனில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். வாரத்துக்கு ஒன்று போதும்... சீக்கிரம் தீர்ந்துவிட்டால் எனக்குத்தான் கஷ்டம்.