அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை

நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். இது சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரில், போன வருடம், ரிஷானி என்ற பெண்ணுக்கு நடந்தது. அவள் வாயில் பொய்யே வராது என்று எழுதினால் நீங்கள் சுலபமாக நம்புவீர்கள். ஆனால் அப்படி எழுத வழியில்லை. இந்தக் கதையே அவள் சொன்ன ஒரு பொய்யில்தான் தொடங்குகிறது.

ரிஷானி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. அவளுடைய அப்பா தம்பித்துரை ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் கோப்பை கழுவியே தலை நரைத்தவர். பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகு, அரசாங்கக் காசில் நடக்கும் முதியோர் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது. தனிக் குளியலறை, மதியச் சாப்பாடு, காலையும் மாலையும் உதவிக்கு ஆள்.

அந்த வீட்டு லிப்டுக்குள் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கும். குடியிருப்பவரின் உரிமைகள். கதவைத் தட்டினால் உள்ளிருந்து பதில் வரும்வரை நிற்கவேண்டும். குளிப்பாட்டுவது ஆணா பெண்ணா என்பதை அவரே சொல்லலாம். குறை சொல்லலாம், சொன்னதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது. எல்லாம் ஜெர்மன் மொழியில். மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ரிஷானி அதை வாசிப்பாள். அப்பாவுக்கு ஒரு நாளும் வாசித்துச் சொன்னதில்லை.

வருடத்தில் இரண்டு தடவை, பொறுப்பாளர் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்கவேண்டும். அதுவும் உரிமைதான். மார்ச் மாதக் கூட்டத்தில் பொறுப்பாளர் ஃபிராவ் ஷெரர் முதலில் கேட்டது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிடவா, செலவு எங்களுடையது என்று. ரிஷானி சிரித்துவிட்டாள். நான் இருக்கும்போது எதற்கு என்றாள்.

தம்பித்துரை மகளைப் பார்த்துக் கதைத்தார்.

"குளியலறைக் கதவு இறுகுது பிள்ளை. உள்ளுக்க போய்ச் சாத்தினா, என்ரை ஒரு கையால இழுத்துத் திறக்க ஏலாமக் கிடக்கு. அதைச் சொல்லு." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "மற்றது, குளிக்க வாக்க வாற அந்தப் பெட்டை. நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. ஆனா உன்ரை வயசு. ஒரு ஆம்பிளையை விட ஏலுமோ எண்டு கேள்."

ரிஷானிக்கு முகம் கொதித்தது. அப்பாவின் உடம்பைப் பற்றி ஜெர்மனில் எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு, தானமாய்க் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்லி வளர்த்த வீடு அவளுடையது. இந்த முதியோர் குடியிருப்பு தானமில்லை, அவர் இத்தனை வருடம் கட்டிய வரியும் அதற்குள் இருக்கிறது என்பது காப்புறுதி அலுவலகத்தில் இருப்பவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கூச்சம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை," என்றாள் ஜெர்மனில். "எல்லாருக்கும் நன்றியாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

"சொல்லிட்டியோ?" என்று கேட்டார் தம்பித்துரை.

"ஓம் அப்பா."

அந்த மாதத்திலேயே அவர் இன்னொன்று சொல்லத் தொடங்கினார். குளியலறைக் கதவை யாரோ தட்டுகிறார்கள். வெளியே நின்று அல்ல, உள்ளே நின்று. தண்ணீர்க் குழாயின் சத்தம் என்று ரிஷானி சமாளித்தாள். செப்டெம்பர் கூட்டத்தில் அவர் பொறுப்பாளரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். "பொம்பிளையின்ரை கை. மெல்லமாத் தட்டுறா. அவவுக்கு வெளியில வரவேணும் போல."

இதை மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? மறதிக்காரர்கள் இருக்கும் ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே கதவுகளுக்கு வெளிப்பூட்டு. ரிஷானி பொறுப்பாளரின் பக்கம் திரும்பினாள். ஒரு குறையும் இல்லை என்ற அதே வசனத்தை மறுபடியும் சொன்னாள். அதற்குப் பிறகு தம்பித்துரை அவளிடம் எதுவும் சொல்வதில்லை.

நவம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரைன் நதியிலிருந்து எழுந்த பனிப்புகார் யன்னல் வரைக்கும் வந்து நின்றது. அப்பாவைக் கோப்பி குடிக்கக் கீழே கூட்டிப் போயிருந்தார்கள். ரிஷானி துவாய்களைக் குளியலறைக்குள் வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு சட்டைகளை மடித்து அலுமாரியில் அடுக்கினாள். நேரம் நான்கு பத்து.

டொக்... டொக்...

வாசல் என்று நினைத்தாள். போய்த் திறந்தாள். நடைபாதையில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்தாள்.

டொக்... டொக்... டொக்...

குளியலறை.

கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. அவள் அணைத்த விளக்கு. அந்த வெளிச்சத்தின் நடுவே இரண்டு நிழல்கள். கால்கள்.

"யார்?" என்றாள்.

கைப்பிடி இறங்கியது. மெல்ல. ஏறியது. மறுபடி இறங்கியது. கதவு அசையவில்லை. உள்ளே யாரோ இழுக்கிறார்கள். பலம் போதவில்லை.

பிறகு தட்டினார்கள். இடுப்பளவு உயரத்தில்.

கொஞ்சம் கழித்து... முழங்காலளவில்.

பிறகு... தரையோடு.

சுரண்டும் சத்தம்.

பிறகு அதுவும் இல்லை.

அவள் எப்படிப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையாலும் தள்ளினாள். இறுகியிருந்தது. தோளைக் கொடுத்தாள். கதவு திறந்தது.

இருட்டு. காய்ந்த தரை. யாரும் இல்லை.

உள்பக்கக் கைப்பிடியைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் லீவு போட்டுவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஃபிராவ் ஷெரரின் அறைக்குப் போனாள். பேயைப் பற்றி வாய் திறக்கவில்லை. மார்ச்சில் அப்பா கேட்டது இது, நான் சொன்னது அது என்று முதலில் ஜெர்மனிலும், பிறகு அப்பாவுக்கு விளங்கத் தமிழிலும் சொன்னாள். அவமானம் பிடுங்கித் தின்றது. ஃபிராவ் ஷெரர் கோபிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்று மத்தியானமே ஒருவர் வந்து கதவைச் சீவிப் புதுப் பூட்டுப் போட்டார். இருபது நிமிட வேலை. அடுத்த நாள் குளிப்பாட்ட ஒரு ஆண் வந்தார். இதற்குத்தான் எட்டு மாதம்.

"எனக்கு அண்டைக்கே விளங்கினது பிள்ளை," என்றார் தம்பித்துரை, லிப்டுக்குள். "நான் அவ்வளவு கதைச்சன். நீ ரெண்டு சொல்லுச் சொன்னனி."

"பிறகு ஏன் கேக்கேல்லை?"

"ஆக்களுக்கு முன்னால உன்னை ஏன் வெக்கப்படுத்துவான்?"

ரிஷானி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அந்த அறையில் தட்டும் சத்தம் இல்லை.

சில நாள் கழித்து ஃபிராவ் ஷெரர் அவளைத் தனியே கூப்பிட்டார். மனம் கேட்கவில்லை, சொல்லியே ஆகவேண்டும் என்றார். அப்பாவுக்கு முன் அந்த அறையில் இருந்தவர் ஒரு போர்த்துக்கேய அம்மா. ஓர் இரவு குளியலறைக்குள் அகப்பட்டுவிட்டார். காலையில் கதவடியில் கிடந்தார், உயிர் இல்லை. கதவு இறுகுகிறது என்று அவர் சொன்னதே இல்லை. பிறகு வேலையாள் ஒருவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. கூட்டங்களுக்கு அவருடைய மகன்தான் மொழிபெயர்க்க வருவான்.

"மகன் என்ன சொல்வார்?" என்று கேட்டாள் ரிஷானி, பதில் தெரிந்துகொண்டே.

"அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை என்பார்."

அடுத்த ஞாயிறு அவள் வீட்டுக்குப் புறப்பட்டபோது குடியிருப்பின் வாசலில் ஓர் ஆள் நின்றான். நாற்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம். சுவிஸ் ஜெர்மனில் கேட்டான்.

"மூன்றாம் மாடி மூலை அறையில் இருப்பது உங்கள் அப்பாவா?"

"ஓம்."

"அங்கே தட்டும் சத்தம் கேட்குமா?"

அவன் யாரென்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

"முந்திக் கேட்டது," என்றாள். "இப்போது இல்லை."

"அம்மா செத்த நாளிலிருந்து என் வீட்டில் கேட்டது. என் குளியலறையில். பெண்சாதிக்குக் கேட்காது, பிள்ளைகளுக்கும் கேட்காது, எனக்கு மட்டும்தான். போன மார்ச்சில் திடீரென்று நின்றது. அம்மா மன்னித்துவிட்டா என்று நினைத்தேன்."

மார்ச், அப்பாவின் அறையில் தட்டத் தொடங்கிய மாதம் என்று ரிஷானி எண்ணினாள்.

"இந்த மாதம், ஒரு திங்கட்கிழமை, திரும்பத் தொடங்கிவிட்டது," என்றான். "அன்றைக்கு இங்கே என்ன நடந்தது?"

"அப்பா கேட்டதை நான் மறைத்திருந்தேன். மார்ச்சில். அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டேன்."

அவன் தலையாட்டினான். மூன்றாம் மாடி யன்னலை நிமிர்ந்து பார்த்தான். அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தம்பித்துரை உள்ளே இருந்தார்.

"உங்களுக்கு அப்பா இருக்கிறார்," என்றான். "நான் இனி யாருக்காகச் சொல்வது?"