ஆறடிப் பெட்டியும் எட்டடித் தூண்டிலும்

என் வீட்டுக்காரர் என்னிடம் கணக்குக் கேட்கிறார் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு ஃபிஜித் தலைநகர் சுவாவில் அலுவலக வேலை. நான் நகாசிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு கூட்டல்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்டால் நான் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆறடி நீளம், மூணடி அகலம், ரெண்டடி உயரம். பொட்டி. எத்தினி கன அடி வரும்?"

"முப்பத்தாறு. இன்னாத்துக்கு?"

"ஆபீஸ்ல ஒருத்தருக்கு. கப்பல்ல சாமான் அனுப்பறாரு." கொஞ்சம் குழம்பைத் தொட்டுக்கொண்டார். "உள்ளே சுத்தி பிளாஸ்டிக் அடிக்கணும்னா?"

"ஆறு பக்கமும் சேர்த்தா எழுபத்திரண்டு சதுர அடி. ஆனா கப்பல்காரன் வெளி அளவத்தான் எடுப்பான். பலகை கனத்தையும் சேர்த்துக்கச் சொல்லுங்க, உங்க ஒருத்தர."

அவர் தலையாட்டிய வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒருத்தர் இல்லவே இல்லை.

இரண்டாயிரமாவது வருடத்துக் கூ அடித்து ஓய்ந்திருந்த நேரம் அது. ஆட்சிக் கவிழ்ப்பை நாங்கள் எல்லோரும் 'கூ' என்றுதான் சொல்வோம். பயந்துபோன இந்தியர்கள் கிளம்ப, வீதிக்கு ஒரு வீடு காலியாகிக்கொண்டிருந்தது. போகிறவர்கள் யாரும் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும், விசா நின்றுவிடும் என்று பயம். நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர்கள் வீட்டில் இன்றைக்குப் பூட்டு தொங்கும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வேலை தேடி சிட்னிக்குப் போனவர், அங்கே இன்னொருத்தியோடு குடித்தனமாகிவிட்டார். அவர் பெண்சாதி இன்னும் அவர் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்தாள்.

எங்களுக்கும் நியூசிலாந்து விசா வந்திருந்தது. என் டீச்சர் படிப்பைக் காட்டித்தான் எனக்கும் அவருக்கும் மகளுக்குமாக மூன்று பேருக்கும் கொடுத்தார்கள். நான்தான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். மாமனார் வுனிமோனோ கிராமத்தில் கத்தரித் தோட்டத்தை விட்டு அசையமாட்டார்; அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போவதா? இதைச் சொல்லித் தினமும் சண்டை. பிறகு ஒருநாள் என் வீட்டுக்காரர் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். சண்டைகூடப் பரவாயில்லை. அந்த அமைதிதான் என்னைத் தின்றது.

பெட்டியைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்குக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தாறு கன அடி என்றால் ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மூன்று பேர் குடித்தனம் அதில் அடங்காது. ஒரு ஆள் சாமான் தாராளமாக அடங்கும். அந்த ஒரு ஆள் யார்? அடப்பாவி, என்னையும் பெண்ணையும் விட்டுவிட்டுக் கிளம்பப் போகிறானா? அன்றைக்கு அவர் தூங்கும்போது முகத்தைப் பார்த்தேன். என்னமாய் நிம்மதியாகத் தூங்குகிறார் பார், என்று ஆத்திரமாக வந்தது.

எனக்குத் தெரியாமல் பெட்டி அடிக்க அவருக்கு அப்பா வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை. அடுத்த சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வுனிமோனோவுக்கு பஸ் ஏறினேன். மாமனார் தோட்டத்தில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. இழுத்தேன். பெட்டி. புதுப் பலகை வாசனை. ஆறு, மூன்று, இரண்டு. உள்ளே வழவழவென்று பிளாஸ்டிக், நான் சொன்ன எழுபத்திரண்டு சதுர அடி.

நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் கொட்டகைச் சுவரில் என் வீட்டுக்காரருடைய தூண்டில் கண்ணில் பட்டது. ஒரே மூங்கில், எட்டடி. தானே வெட்டி, சீவி, எண்ணெய் போட்டு வளர்த்த பிள்ளை அது. யாரும் தொடக்கூடாது. ரேவா ஆறு இருக்கும்வரை அதை விட்டு இந்த மனிதர் எங்கேயும் போகமாட்டார்.

ஒரு பெட்டிக்குள் அடங்கக்கூடிய மிக நீளமான கம்பு எது? கீழ் மூலையிலிருந்து எதிர்ப் பக்கத்து மேல் மூலைக்குச் சாய்த்து வைப்பதுதான். மூன்று அளவுகளின் வர்க்கத்தையும் கூட்டினால், முப்பத்தாறும் ஒன்பதும் நாலும் நாற்பத்தொன்பது. வர்க்கமூலம் ஏழு. ஏழடிதான். கணக்கை நம்பாமல் தூண்டிலை எடுத்துச் சாய்த்தும் பார்த்தேன். நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நான் எதையும் சரிபார்க்காமல் விடமாட்டேன்.

அப்படியென்றால் இவர் போகவில்லை. அப்பாடா என்று பெட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உள்ளே தடுப்பு அடித்திருப்பதைக் கவனித்தேன். ஒரு தடுப்பு என் தையல் மெஷின் அகலம். பக்கத்தில் மூன்று சின்னச் சதுரங்கள். வகுப்பில் காட்ட நான் செய்து வைத்திருந்த மரக் கூம்பும் உருளையும் கனசதுரமும் அளவெடுத்தாற்போல் உட்காரும்.

பின்னால் செருப்புச் சத்தம். என்னைத் தேடிக்கொண்டு அவர் வந்திருந்தார்.

"நீயும் பாப்பாவும் போங்க," என்றார். "நைட்டானா நம்மாளுங்க வீட்டு மேல கல்லு விழுது. அது படிக்க வேணாமா? நான் அப்பாவப் பாத்துக்கினு இருக்கேன்."

"அத வாயத் தொறந்து சொல்லறதுக்கு இன்னா? திருடன் மாதிரி பொட்டி அடிக்கிறீங்க!"

"சொன்னா நீ போவமாட்டே. பொட்டி ரெடியா இருந்தா போவே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெட்டியை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது. மாமனார் தோட்டத்திலிருந்து வந்து, "போ தாயி, புள்ளைக்காகப் போ" என்று ஒரே வார்த்தையாகச் சொன்னார். போனோம்.

விமான நிலையத்திலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. தூரம் என்பது மனிதரை மாற்றிவிடும். சிட்னிக்குப் போனவரும் போகும்போது நல்லவர்தானே? இங்கே இருப்பவர் மட்டும் மாறமாட்டார் என்று என்ன நிச்சயம்?

ஆக்லாந்துக்குப் பெட்டி வந்து சேர்ந்தபோது நானும் மகளும் ஆணி பிடுங்கித் திறந்தோம். கூம்பு, உருளை, மெஷின், பாத்திரங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பழைய லுங்கியில் சுற்றி ஒரு கட்டு. பிரித்தேன். தூண்டில். நடுவில் அறுத்து, நாலு நாலு அடியாக இரண்டு துண்டு. அறுத்த இடத்தில் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தது.

போன் போட்டேன்.

"இன்னாங்க இது? அத்தப் போயி அறுத்துட்டீங்களே!"

"முழுசா வெச்சா அடங்கல."

"அடங்காதுன்னு எனக்குத் தெரியும். இன்னாத்துக்கு அனுப்பினீங்க?"

"அங்கியே இருக்கட்டும். நான் வந்து ஒட்டிக்கிறேன்."

எப்போது வருவீர்கள், எப்படி வருவீர்கள் என்று நான் குறுக்கே கேட்கவில்லை. துண்டுகளை லுங்கியிலேயே சுற்றி என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அந்த மனிதர் சொன்ன ஒரு விடையை நான் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.