கையெழுத்துப் போடாத ஆரோக்கியமேரி

வெள்ளிக்கிழமை காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் வந்தது. முகையூரிலிருந்து சவரிமுத்து பேசினார். ஆரோக்கியமேரியின் தம்பி. "அக்கா போய்ட்டாங்கண்ணா. டீ போட்டுக்கினு இருந்தாங்க. நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாங்க, அவ்ளோதான்" என்றார்.

கடை வாசலில் நின்றிருந்த வாடிக்கையாளர், இறந்தது யார் என்று விசாரித்தார். வயரிங் வேலை பார்க்கும் ஆரோக்கியமேரி இறந்துவிட்டார் என்றேன். உடனே அவர், "ஷாக் அடிச்சிடுச்சா?" என்றார். அடக்கத்துக்குப் போன இடத்தில் இன்னும் ஆறு பேர் இதையே கேட்டார்கள். முப்பது வருஷம் மின்சார வேலை செய்தவரை மின்சாரம் ஒரு முறைகூடக் கீழே தள்ளியதில்லை என்று ஆறு பேரிடமும் சொன்னேன். கேட்டவர்களுக்கு அதில் சுவாரசியம் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அதோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் திண்டிவனத்தில் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆரோக்கியமேரி முகையூர்ப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். விழுப்புரத்தில் ஐ.டி.ஐ. படித்தார்; அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பிறகு வயர்மேன் தேர்வு எழுதி, பல வருஷம் கழித்துக் காண்ட்ராக்டர் உரிமமும் வாங்கினார். புது வீட்டுக்கு மின் இணைப்பு வேண்டுமானால், உள்ளே செய்த வயரிங் சரியாக இருக்கிறது என்று உரிமம் உள்ளவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எத்தனையோ வீடுகள் அவர் கையெழுத்தில்தான் வெளிச்சம் பெற்றன. அவர் கையெழுத்துப் போட மறுத்த வீடுகளும் உண்டு. என் வீடு அதில் ஒன்று.

வீடு கட்டியபோது வயரிங் வேலையை எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருந்தேன். வேகமாகச் செய்வார், உரிமம் கிடையாது. கையெழுத்துக்கு மட்டும் ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டேன். கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. தினமும் கடையில் பார்க்கிற முகம், சாமான் விற்கிற ஆளின் வீடு, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் வந்து மெயின் பெட்டியைத் திறந்தார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியைப் பிடித்து லேசாக இழுத்தார். ஒரு முழம் கம்பி கையோடு வந்துவிட்டது. சுவருக்குள் அதற்குமேல் ஒன்றுமே இல்லை. வெளியே சிமெண்ட் மூடி போட்டு அழகாகக் கட்டியிருந்த எர்த் குழிக்கும் வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அவர் குரலை உயர்த்தவில்லை. "இதுல நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு உங்க வாஷிங் மெஷினைத் தொடற கைக்கு நான்தான்ணா பதில் சொல்லணும்" என்றார். தேதி குறித்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சுவரை உடைத்துக் கம்பி இழுத்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்றுவிட்டார். சுவரை உடைத்தோம். வேலை பத்து நாளில் முடியவில்லை. புழுக்கத்தில், மின்விசிறி இல்லாமல், வந்தவர்கள் பத்திரிகையால் விசிறிக்கொள்ளப் பால் காய்ச்சினோம். ஆரோக்கியமேரியும் வந்தார். எல்லாரோடும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். என் மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும்தான்.

அவரோடு பழகுவதில் எனக்கு அடிக்கடி இந்தக் கோபம் வரும். உரிமம் இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிடுகிறவர்களிடம் அவர் போக மாட்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் டியூப்லைட் மாற்ற அவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று என் கடையில் வந்து பிடிவாதம் பிடித்தார். ஆரோக்கியமேரி போனில் சொன்னதை நான் பலரிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். "டியூப்லைட் மாத்த நான் வேணாங்க சார். மெயினை ஆஃப் பண்ணிட்டு நீங்களே மாத்தலாம். மெயின் பெட்டியில கை வைக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க. மீட்டருக்கு அந்தாண்ட போகணும்னா நானும் கூடாது. அது கரண்ட் ஆபீஸ் ஆளு வேலை."

இந்த மூன்று எல்லைகளையும் அவர் மீறி நான் பார்த்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் திருவாமாத்தூரில் ஒரு விவசாயி வீட்டுக்கு என்னோடு மோட்டார் பார்க்க வந்திருந்தார். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் காற்றில் அறுந்து மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் மாடுகள் கட்டியிருந்தன. உங்களுக்கு விவரம் தெரியும், ஒரு காய்ந்த மூங்கிலால் தள்ளிவிட்டால் போதும் என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். ஆரோக்கியமேரி செய்யவில்லை. மின் அலுவலகத்துக்குப் போன் செய்து கம்பத்தின் எண்ணைச் சொன்னார். பிறகு ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகையிலிருந்து தள்ளி உட்கார்ந்துகொண்டு யாரையும் பக்கத்தில் விடவில்லை. மாட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போன வீட்டுக்காரரையும் விடவில்லை. அன்று ஊரெல்லாம் கம்பி அறுந்திருந்ததால் ஆட்கள் வர மதியம் ஆகிவிட்டது. அதுவரை அந்தக் குடும்பம் அவரைத் திட்டித் தீர்த்தது. பெரிய லைசென்ஸ், ஒரு வயரைத் தொடத் துப்பில்லை என்று ஒரு கிழவர் அவர் காது படவே சொன்னார். நானும் அவர் பக்கம் பேசவில்லை. எனக்குக் கடை திறக்க நேரமாகிக்கொண்டிருந்தது. ஆட்கள் வந்து முதலில் சோதித்தபோது தகரம் முழுவதும் மின்சாரம் பாய்ந்திருந்தது தெரிந்தது; பிறகுதான் லைனை அணைத்தார்கள். மாடுகளைத் தகரத்தைத் தொடாத மரக்கட்டையில் கட்டியிருந்ததால் அவை பிழைத்தன. அந்த வீட்டு அம்மா வேகவைத்த மல்லாட்டைக் கடலையை ஒரு முறத்தில் கொண்டுவந்து வைத்தார். ஆரோக்கியமேரி பசியோடு சாப்பிட்டார். கிழவர் வரவில்லை.

இதுவரை எழுதியது அவரைத் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். இனி எழுதப்போவது சிலருக்குத்தான் தெரியும்.

என் மனைவியின் அண்ணன் குணசேகரன் விழுப்புரத்தில் வீடு கட்டியபோது வயரிங் செய்து கையெழுத்துப் போட்டவர் ஆரோக்கியமேரி. எங்கேயாவது மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப்பர் சுவிட்சும் பொருத்தியிருந்தார். எட்டு வருஷம் கழித்து குணசேகரன் மேல்மாடி கட்டினார். அதன் பிறகு ட்ரிப்பர் அடிக்கடி விழுந்து கரண்ட் நிற்க ஆரம்பித்தது. ஒருநாள் கடைக்கு வந்து, "அது பேஜாரு மச்சான். அதைத் தூக்கிட்டு லைனை நேரா குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். ஆரோக்கியமேரியைக் கூப்பிடச் சொன்னேன். அந்தம்மா வந்தால் மறுபடி சுவரை உடைக்கச் சொல்லும் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேண்டிய வயரை வெட்டிக் கொடுத்தேன். யாரை வைத்துச் செய்யப்போகிறார் என்பதும் எனக்குத் தெரியும். என் வீட்டு எர்த் கம்பியைச் சுவருக்குள் பாதியில் விட்டவர்தான்.

மூன்று மாதம் கழித்து, அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த செல்வி என்ற பெண் தண்ணீர் மோட்டாரின் குழாயைத் தொட்டாள்; ஷாக் அடித்து விழுந்தாள். ட்ரிப்பர் இருந்திருந்தால் கண் இமைப்பதற்குள் விழுந்திருக்கும். உயிர் பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது.

மின் துறையிலிருந்து விசாரணைக்கு வந்தவர்களிடம் குணசேகரன் பழைய வயரிங் சோதனை அறிக்கையை எடுத்துக் காட்டினார். அதில் ஆரோக்கியமேரியின் கையெழுத்து இருந்தது. ட்ரிப்பர் முதலிலிருந்தே இல்லை, வீட்டில் யாரும் எதையும் மாற்றவில்லை என்று சொல்லிவிட்டார். ஆரோக்கியமேரியிடம் விளக்கம் கேட்டார்கள். அது முடியும்வரை புதிதாக எந்த வீட்டுக்கும் கையெழுத்துப் போடக் கூடாது என்றார்கள். ஒரு கையெழுத்துக்காக எத்தனையோ வீட்டாரின் கோபத்தை வாங்கிக்கொண்டவர், அந்தக் கையெழுத்தாலேயே வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்.

ஒருநாள் மதியம் கடைக்கு வந்தார். கூட்டமில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அண்ணா, அந்த ஊட்ல ட்ரிப்பரை யாரு எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு பெட்டிகளை அடுக்கினேன். அடுக்கியதையே கலைத்துத் திரும்ப அடுக்கினேன். நடந்ததை வீட்டில் சொன்னேன். என் மனைவி, அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டு அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பது என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆறு வாரம் அப்படியே கழிந்தது.

அந்த ஆறு வாரத்தில் ஆரோக்கியமேரி செல்வியைப் பார்க்க மருத்துவமனைக்கு நான்கு முறை போயிருக்கிறார். சாட்சி கேட்க இல்லை. செல்வியின் தாயார்தான் இதை என்னிடம் சொன்னார். பழம் வாங்கிப் போவார், தலை சீவிவிடுவார். நான்காவது முறை செல்வி தானாகவே சொல்லியிருக்கிறாள்: ட்ரிப்பர் சுவிட்சைக் கழற்றிய அன்று நான் அங்கேதான் கூட்டிக்கொண்டிருந்தேன், வயர் வந்த பையில் திண்டிவனம் கடைப் பெயர் இருந்தது என்று.

ஆரோக்கியமேரி மறுபடி கடைக்கு வந்தார். இந்த முறை கடைக்குள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீங்க தெரியாதுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்ணா. உங்க ஊட்டுச் சொந்தம், என்ன பண்ணுவீங்க. ஆனா எழுதிக் குடுத்துடுங்க. எனக்காக வேணாம். நான் எப்படியாவது சமாளிச்சிக்கறேன். அந்தப் பொண்ணு சொல்றது மட்டும் நிக்காது. ஊட்டு வேலைக்காரி பேச்சுன்னு தள்ளிடுவாங்க. நீங்க சொன்னா நிக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் எர்த் கம்பியை இழுத்துக் காட்டிய அதே குரலில் சொன்னார்.

மறுநாள் விழுப்புரம் போய், விசாரணை நடத்தியவர்களிடம் எழுதிக் கொடுத்தேன். வயர் விற்றது, எதற்கென்று தெரிந்தே விற்றது, வேலை செய்தவர் பெயர், எல்லாம். பொறுப்பு குணசேகரன் மேலும் அந்த ஆள் மேலும் போனது. செல்விக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு சேர்ந்தது. ஆரோக்கியமேரிக்குக் கையெழுத்துப் போடும் அனுமதி திரும்பக் கிடைத்தது. குணசேகரன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. என் மனைவி பல மாதம் கழித்துத்தான் பேசினாள். ஆரோக்கியமேரி மட்டும் முன்போலவே கடைக்கு வந்தார், சாமான் வாங்கினார், மட்டமான சுவிட்சைத் திருப்பிக் கொடுத்தார். நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு முறையும் பேச்செடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். அவர் வேறு ஏதாவது சாமானின் பெயரைச் சொல்லிவிடுவார். இப்போது கேட்க ஆளில்லை.

இத்தனைக்கும் பிறகு மாறியது என்ன என்று கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. குணசேகரன் தெருவில், செல்வியின் கையைப் பார்த்த அதே தெருவில், இன்னும் இரண்டு வீடுகளில் ட்ரிப்பர் இல்லை. வீட்டு வாசலுக்குக் கிரானைட் தேடி ஊர் ஊராக அலைகிறவர்கள், மெயின் பெட்டிக்கு உரிமம் உள்ள ஒருவரைத் தேட ஒரு நாள் ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அதைக் குறை சொல்லும் யோக்கியதை குறைவு. ஆனாலும் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து கடை திறந்த அன்று ஒருவர் மெயின் சுவிட்ச் கேட்டார். யார் மாட்டப்போகிறார்கள் என்றேன். போனில் வீடியோ பார்த்திருக்கிறேன், நானே மாட்டிவிடுவேன் என்றார். தரமாட்டேன் என்றேன். "சாமான் விக்கிறதுதான உங்க வேலை?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் ரோட்டைக் கடந்து போய் அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் நின்று பேசினேன். ஆளை விட்டால் போதும் என்று கடைசியில் முகவரியைச் சொன்னார். மறுநாள் காலை, உரிமம் உள்ள கதிர்வேலைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு முகத்தைப் பார்த்தால், ஒரு சிரிப்புச் சிரித்து அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். அன்று திரும்பவில்லை. அவர் நகர்ந்து வழிவிடும்வரை அந்த வாசலிலேயே நின்றேன். ஆரோக்கியமேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்.