நாலு கொம்புப் பெட்டி

போன வெள்ளிக்கிழமை காலையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்று, "நெட்டு மாத்த வந்திருக்கேன் ஆத்தா" என்றார். நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் வருகிறவர்களை எனக்கு என்றைக்குமே பிடிக்காது. நாற்பது வயதிருக்கும். பொன்னமராவதியிலிருந்து பைக்கில் வந்தாராம்.

"யாரு ஒங்கள அனுப்புனது?"

"ஒங்க மகதான். மஸ்கட்லேருந்து புக் பண்ணிருக்காங்க. பழைய ரவுட்டர எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். ஸ்பீடு மூணு பங்கு வரும்."

"எனக்கு எங்கிட்டுப் போறதுக்கு இம்புட்டு வேகம்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மல்லிகா எனக்கு ஒரே மகள். மஸ்கட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ். தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். பேசுவது மகளா நர்ஸா என்று எனக்குத் தெரியாது. நாக்கை நீட்டுங்க, கண்ணைக் கீழே இழுத்துக் காட்டுங்க என்பாள். இரண்டு மாதமாக என் இடது கால் வீங்குகிறது, செருப்பு நுழைவதில்லை. அவள் பார்த்தால் வேலையை உதறிவிட்டு வந்து நிற்பாள், இல்லையென்றால் வீட்டைப் பூட்டி என்னை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். இரண்டுக்கும் நான் ஆள் இல்லை. அதனால் நாக்கு, கண் முடிந்து அவள் காலைக் காட்டச் சொன்னதும் பேசிக்கொண்டே அடுப்படிக்குள் போய்விடுவேன். பழைய பெட்டியின் சிக்னல் அங்கே எட்டாது. படம் அப்படியே நின்றுபோகும். "கேக்கலையே, கேக்கலையே" என்று நானும் இரண்டு தடவை சொல்லிவைப்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த அளவு விஞ்ஞானம் போதும் என்றுதான் இருந்தேன்.

அவர் அட்டைப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே நான்கு கொம்பு வைத்த கறுப்புப் பெட்டி. புது பிளாஸ்டிக் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அந்த வாசனையை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து வந்து சூட்கேஸைத் திறந்தால், சோப்பு வாசனையும் சென்ட் வாசனையும் எழும்பி, அதற்கு அடியில் இது இருக்கும். டேப் ரிக்கார்டரைச் சுற்றிய உறையை ஒரு வருடம் கழற்றாமல் வைத்திருந்தேன். கழற்றினால் வாசனை போய்விடும் என்று ஒரு பைத்தியக்காரத்தனம்.

அவர் அங்கே கட்டட வேலை பார்த்தார். ஒரு கடிதம் வர இருபது நாள் ஆகும். கூட்டெழுத்தாக எழுதினால் எனக்குப் படிக்க வராது. எதிர்வீட்டு டீச்சர்தான் படித்துக்காட்டுவார், பதிலும் எழுதித் தருவார். எனக்குப் படிக்க வந்தது ஒன்றே ஒன்று, கடிதத்தின் தலையில் அவர் போடும் பிள்ளையார் சுழி. சுழிக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பார், இரண்டாவது கோடு சறுக்கிக்கொண்டு இறங்கும். ஒருமுறை இரண்டு கோடும் நேராக இருந்தன. அடுத்த கடிதத்திலும் அப்படியே.

"டீச்சர், இது அவுக எழுதுனது இல்ல."

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். நல்லா இருக்கேன்னுதானே எழுதிருக்கு?"

அதுதான் எனக்குச் சந்தேகமே. ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம்? அந்த மாதம் மல்லிகா மஞ்சள்காமாலையில் சுருண்டு கிடந்தாள். பிள்ளை நன்றாக விளையாடுகிறாள் என்று எழுதுங்கள் டீச்சர் என்றேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார்.

மறு வருடம் அவர் ஊருக்கு வந்து, குளிப்பதற்குச் சட்டையைக் கழற்றினார். வலது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தழும்பு. சாரத்திலிருந்து விழுந்து இரண்டு மாதம் கிடந்திருக்கிறார். கூட இருந்தவர் எழுதிய கடிதங்கள் அவை.

"சொல்லிருந்தா என்ன பண்ணிருப்ப? பறந்து வந்திருப்பியா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் தட்டில் இரண்டு துண்டு மீன் கூடுதலாக வைத்தேன். நன்றாக இருக்கிறேன் என்று யார் சொன்னாலும் நான் உற்றுப் பார்ப்பது அதிலிருந்துதான்.

ஒயரைச் செருகி முடித்துவிட்டு, பொன்னமராவதிக்காரர் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். நேராக அடுப்படிக்குப் போனார்.

"அங்கன எதுக்குப் போறீங்க?"

"இங்கனதான் ஆத்தா எடுக்க மாட்டேங்குதாம். அடுப்படியில கட்டாயம் கிளியரா இருக்கணும்னு ஒங்க மக ரெண்டு தடவ சொன்னாங்க."

சொல்லியிருக்கிறாள். என் பிள்ளைதானே.

"பெட்டிக்கு முன்னாடி பெரிய பாத்திரம் எதுவும் வச்சிராதீங்க, மறைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் பைக் தெருமுனை திரும்பியதும் பரணிலிருந்த எவர்சில்வர் அண்டாவை இறக்கிப் பெட்டிக்கு முன்னால் வைத்தேன். வீங்கிய காலோடு ஸ்டூல் ஏறியதை இங்கே மட்டும்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் மல்லிகா கூப்பிட்டாள். நான் முன்னேற்பாடாக அடுப்படியிலேயே நின்றேன். அண்டாவுக்கு அந்தப் பெட்டி கொஞ்சமும் மசியவில்லை. படம் கண்ணாடி மாதிரி வந்தது.

"இப்பத் தெளிவா இருக்குல்ல? போனக் கீழ எறக்குங்க. கால காட்டுங்கம்மா."

நான் இறக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் பழைய பெட்டியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகம், இப்போது கண்ணுக்குக் கீழே கறுத்து, காதோரம் நரைத்து, அப்படியே தெரிந்தது. போனை இடது கையில் பிடித்திருந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க, மறந்துபோய் வலது கையைத் தூக்கினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

"அது என்னடி கையில?"

சட்டென்று இறக்கினாள். இந்தப் பக்கம் தெளிவாகிவிட்டால் அந்தப் பக்கமும் தெளிவாகும் என்று அவ்வளவு படித்தவளுக்குத் தோன்றவில்லை.

"வழுக்கிட்டேன்மா. மூணு வாரம் ஆச்சு. ஒண்ணுமில்ல."

"சமையலு?"

"பக்கத்து ரூம் பொண்ணு செய்யுது. சொன்னா நீங்க சாப்பிடாமக் கெடப்பீங்க." கட்டுப் போட்ட கையை மறுபடி தூக்கிக் காட்டி, "இப்பயாச்சும் கால காட்டுங்க" என்றாள்.

போனை இறக்கிக் காட்டினேன். புடவையைக் கொஞ்சம் தூக்கியும் காட்டினேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நாளைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். சரி என்றேன். விரலை அசைத்துக் காட்டு என்றேன். ஐந்தையும் அசைத்தாள், சுண்டுவிரல் மட்டும் மெதுவாக.

அந்தக் காலத்தில் காயப்பட்ட சேதி கடல் தாண்டி வருவதற்குள் காயம் ஆறிவிடும். நாங்கள் அழுததெல்லாம் தழும்பைப் பார்த்துத்தான். கடிதம் வரும் அந்த இருபது நாள் இனி யாருக்கும் கிடைக்கப்போவதில்லை, எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை.