கொள்ளுத் தாளின் மேல் ஒரு பந்தய வீரர்

என் தங்கையின் கணவர் வாங்கிய புது பைக்கில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தது. பின்சக்கரம் பிடி இழந்து வீணாகச் சுழலத் தொடங்கினால், அதுவே இன்ஜினின் முறுக்கு விசையைக் குறைத்துவிடும். வண்டியைக் கிளப்பியதும் மாப்பிள்ளை செய்யும் முதல் வேலை, அதை அணைப்பது. பின்சீட்டில் உட்காருகிறவள் என் தங்கை.

"கார் ரேஸ்லயே இத தடை பண்ணிட்டாங்க, தெரியுங்களா மச்சான்? தெறம இல்லாதவனுக்குத்தான் இதெல்லாம்."

தெரியும், படித்திருக்கிறேன். கம்ப்யூட்டர் செய்த வேலைக்கு ஓட்டுநர் கோப்பை வாங்கக் கூடாது என்றுதான் தடை. யாரும் ஒளித்துவைத்துப் பயன்படுத்தாதபடி எல்லாக் கார்களுக்கும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்தினார்கள். பெரிய பைக் பந்தயங்களிலோ அதற்கு அனுமதி உண்டு. பைக் ஓட்டுகிறவர் கார் விதியைக் கட்டிக்கொண்டு அழுதார். சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க படிக்கிறவரு. நான் ஓட்டுறவன்" என்றார்.

தை மாதம் ஒகேனக்கல் கிளம்பினோம். அவர்கள் பைக்கில், நான் பின்னால் என் ஸ்கூட்டரில். பென்னாகரம் தாண்டியதும் சாலையில் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் கதிரடிப்பது போகிற வருகிற வண்டிகள்தான். காய்ந்த தாள் வழுக்கும் என்பதால் எல்லோரும் மெதுவாக ஏறி இறங்குவார்கள். மாப்பிள்ளை அங்கேதான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். பின்சக்கரம் பிடி இழந்து வீணாகச் சுழன்று பக்கவாட்டில் இழுத்தது. இருவரும் கொள்ளின் மேல் விழுந்தார்கள். தங்கையின் முழங்கை உரிந்து ரத்தம் வந்தது.

கொள்ளைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாள் கோலோடு ஓடிவந்தார். "ஏங்க, டவுன் பஸ்ஸே பதனமா போவுது. உங்களுக்கு என்னங்க அவ்ளோ அவசரம்? கொள்ளெல்லாம் பள்ளத்துல போச்சு!"

மாப்பிள்ளை சட்டையைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ரேஸ் ட்ராக்ல இப்படிப் போட மாட்டாங்க மச்சான்."

வலியையும் மறந்து என் தங்கை சிரித்தாள். பிறகு என் ஸ்கூட்டரில் வந்து ஏறிக்கொண்டாள்.

"அந்த ஓட்ட வண்டியில எந்தக் கன்ட்ரோலும் இல்ல, தெரியுமில்ல?" என்றார் அவர்.

"அண்ணனுக்குப் பயம் இருக்குதுங்க. அது போதும்."

ஒகேனக்கல் வரை மாப்பிள்ளை தனியாகவே வந்தார், எங்களுக்குப் பின்னால்.